புனைவு விண்கலங்களின் தொழில்நுட்பக் கையேடுகள்: புதிய வாசகருக்கு ஒரு வழிகாட்டி

திரையில் மட்டுமே பறந்த ஒரு விண்கலத்தை, நிஜமாகவே கட்டி முடிக்கப்பட்டுப் பணியில் இருக்கும் கலமாக எடுத்துக்கொண்டு, அதன் நீள அகலம், தளங்களின் அமைப்பு, எரிபொருள் செல்லும் வழி, பழுதுபார்க்கும் முறை ஆகியவற்றைப் படங்களோடு விளக்கும் நூல்கள் ஆங்கிலத்தில் ஒரு தனி வகையாக வளர்ந்திருக்கின்றன. புதிதாக இவற்றைக் கையில் எடுப்பவர்களில் சிலர் படங்களை மட்டும் புரட்டிவிட்டு வைத்துவிடுகிறார்கள். வேறு சிலர் கதை நூலைப் போல முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க முயன்று, மின்குழாய்களைப் பற்றிய மூன்றாவது அத்தியாயத்திலேயே களைத்துப்போகிறார்கள். அளவுகோல், பென்சில், கால்குலேட்டர் மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபார்த்துக்கொண்டே போக வேண்டிய நூல்கள் இவை. நூல் சொல்லும் எண், நூலில் உள்ள படம், திரையில் கண்ட காட்சி ஆகிய மூன்றும் எங்கே பொருந்துகின்றன, எங்கே பிசகுகின்றன என்று தேடுவதில்தான் இவற்றைப் படிக்கும் இன்பம் இருக்கிறது. அந்த வேலையை எந்த வரிசையில் செய்யலாம் என்பதே இந்தக் கட்டுரை.

முதல் நூலைத் தேர்ந்தெடுத்தல்

நீங்கள் திரையில் பலமுறை பார்த்துப் பழகிய கலத்தைப் பற்றிய நூலோடு தொடங்குங்கள். பார்த்திராத கலத்தின் கையேடு எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒப்பிட உங்களிடம் எதுவும் இராது.

பொதுவான பரிந்துரை ஒன்று வேண்டுமென்றால், 1991-ல் வெளிவந்த ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன் டெக்னிக்கல் மேனுவல்’ நூலையே சொல்வேன். இதை எழுதிய ரிக் ஸ்டெர்ன்பாக், மைக்கேல் ஒகுடா இருவரும் அந்தத் தொலைக்காட்சித் தொடரின் கலைப்பிரிவில் வேலை செய்தவர்கள். கலத்தால் எது முடியும், எது முடியாது என்பதில் கதாசிரியர்கள் வாரத்துக்கு ஒன்றாக எழுதிவிடக் கூடாது என்பதற்காகத் தயாரிப்புக் குழுவுக்குள் சுற்றில் விடப்பட்ட ஒரு வழிகாட்டிக் குறிப்பிலிருந்து வளர்ந்த நூல் இது. ஆகவே இதில் உள்ள விதிகள் அலங்காரத்துக்காக எழுதப்பட்டவை அல்ல. கதையைக் கட்டுப்படுத்துவதற்காக எழுதப்பட்டவை. அந்த வேறுபாட்டைப் படிக்கப் படிக்க உணரலாம்.

படமே முதன்மை என்று நினைப்பவர்கள், 1998-ல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்: இன்க்ரெடிபிள் கிராஸ்-செக்‌ஷன்ஸ்’ நூலிலிருந்தோ, கார், மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்புக் கையேடுகளுக்குப் பெயர்பெற்ற பிரிட்டனின் ஹெய்ன்ஸ் பதிப்பகம் 2011-ல் ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் மில்லேனியம் ஃபால்கன் கலத்துக்காக வெளியிட்ட கையேட்டிலிருந்தோ தொடங்கலாம். ஸ்டூவர்ட் கௌலி 1978-ல் வெளியிட்ட ‘ஸ்பேஸ்கிராஃப்ட் 2000 டு 2100 ஏ.டி.’ நூலை மட்டும் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். அதில் உள்ள ஓவியங்களில் பெரும்பாலானவை முதலில் வெவ்வேறு நாவல்களின் அட்டைகளுக்காக வரையப்பட்டவை. அவற்றைச் சேர்த்து, ஒரு கற்பனை வரலாற்றைப் பின்னர் பின்னியிருக்கிறார்கள். படங்கள் கண்ணைப் பறிக்கும் என்றாலும், அளவு எடுத்துச் சரிபார்க்க அங்கே இடம் குறைவு.

யார் பேசுகிறார்கள் என்று கண்டுகொள்ளுதல்

இந்த நூல்களில் இரண்டு குரல்கள் உண்டு. ஒன்று கதைக்குள்ளிருந்து பேசும் குரல்: கலம் இன்ன ஆண்டு கட்டப்பட்டது, இன்ன உலோகத்தால் ஆனது என்று பணியிலிருக்கும் பொறியாளரைப் போல உறுதியாகச் சொல்லும். மற்றொன்று வெளியிலிருந்து பேசும் குரல்: இந்த அறை இப்படி இருப்பதற்குக் காரணம் பழைய அரங்கை மாற்றியமைத்துப் பயன்படுத்தியதுதான் என்பது போன்ற தயாரிப்புச் செய்திகளைத் தரும்.

1975-ல் ஃபிரான்ஸ் ஜோசப் உருவாக்கிய ‘ஸ்டார் ஃப்ளீட் டெக்னிக்கல் மேனுவல்’ முழுக்க முழுக்க முதல் குரலில் அமைந்தது. எதிர்காலத்தைச் சேர்ந்த கோப்புகள் தவறுதலாக அமெரிக்க விமானப்படையின் கணினி ஒன்றுக்கு வந்து சேர்ந்துவிட்டன என்ற பாவனையில் அது தொடங்குகிறது. ஜோசப் விமானத் தொழிலில் வடிவமைப்பாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். மகளும் அவளுடைய நண்பர்களும் தொடரில் வரும் கருவிகளைச் செய்துபார்க்க முயன்றதைக் கண்டுதான் வரையத் தொடங்கினார் என்பது பலரும் அறிந்த செய்தி. 1991 கையேட்டிலோ உடலுரை முதல் குரலிலும், இடையிடையே வரும் குறிப்புகள் இரண்டாம் குரலிலும் இருக்கின்றன. முதல் வாசிப்பில் இரண்டாம் குரல் வரும் இடங்களில் ஓரத்தில் ஒரு சிறு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்து படித்தால், கலத்தின் ‘உண்மை’ எது, தயாரிப்புச் செலவால் வந்த சமரசம் எது என்பது குழம்பிவிடும்.

வரைபடங்களைப் படிக்கப் பழகுதல்

பக்கத் தோற்றம், மேல் தோற்றம், முகப்புத் தோற்றம் ஆகிய மூன்றும் கலத்தை வெளியிலிருந்து காட்டுபவை. வெட்டுத் தோற்றம் என்பது கலத்தை ஒரு கோட்டில் நேராக அறுத்தால் உள்ளே தெரிவதைக் காட்டுவது. தோல் உரித்த படம் வேறு: அதில் கலம் முழுதாக இருக்கும், வெளித்தகட்டின் சில பகுதிகளை மட்டும் ஓவியர் நீக்கிவிட்டு உள்ளுறுப்புகளைக் காட்டியிருப்பார். முன்னதில் அளவெடுக்கலாம். பின்னதில் பெரும்பாலும் முடியாது. ஏனெனில் அது சாய்ந்த கோணத்தில் வரையப்பட்டிருக்கும், அருகில் உள்ளவை பெரிதாகவும் தொலைவில் உள்ளவை சிறிதாகவும் இருக்கும்.

ஒவ்வொரு வெட்டுத் தோற்றத்திலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வெட்டு எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பதே. மில்லேனியம் ஃபால்கன் இதற்கு நல்ல பயிற்சி. அதன் விமானி அறை உடலின் நடுவில் இல்லை, வலப்புறம் துருத்திக்கொண்டிருக்கிறது. நடுக்கோட்டில் நேராக வெட்டினால் அந்த அறை படத்தில் வரவே வராது. வந்திருந்தால், ஓவியர் வெட்டுக்கோட்டை வளைத்திருக்கிறார் என்று பொருள். அப்படி வளைப்பது குற்றமன்று, ஆனால் அது தெரியாமல் அறைகளுக்கு இடையிலான தூரத்தை அளந்தால் கணக்கு தவறும்.

அளவுகோலை எடுத்தல்

இதுதான் இந்த வாசிப்பின் நடுநாயகமான படி. நூலில் தரப்பட்ட கலத்தின் மொத்த நீளத்தைக் குறித்துக்கொண்டு, படத்தில் அதே நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்துவிடுங்கள். தி நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடரின் கலமான என்டர்பிரைஸ் ஏறத்தாழ 642 மீட்டர் நீளமும் 42 தளங்களும் கொண்டது. பக்கத் தோற்றம் 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு அச்சாகியிருந்தால், 1 சென்டிமீட்டர் என்பது 32 மீட்டருக்குச் சற்று மேல். நின்றுகொண்டிருக்கும் ஒரு மனிதர் அந்தப் படத்தில் அரை மில்லிமீட்டர்தான் வருவார். இந்த ஒரு கணக்கைச் செய்து முடித்ததும், படத்தில் புள்ளி போலத் தெரிந்தவை எல்லாம் ஜன்னல்கள் என்பதும், கலம் ஒரு சிற்றூர் அளவுக்குப் பெரியது என்பதும் மனத்தில் பதிந்துவிடும். ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டவர்கள் அங்கே குடும்பத்தோடு வாழ்கிறார்கள் என்ற வரிக்கும் பொருள் வரும்.

அடுத்து, அறைகளைச் சோதியுங்கள். 1960-களின் முதல் ஸ்டார் ட்ரெக் தொடரில் வரும் கலிலியோ என்ற சிறுகலம் 24 அடி நீளமுடையது என்று வசனத்தில் வருகிறது. ஆனால் உட்புற அரங்கில் நடிகர்கள் நிமிர்ந்து நடமாடுகிறார்கள், வெளிப்புற மாதிரியின் கூரையோ அதற்கு இடம் கொடாத உயரத்தில் இருக்கிறது. ஃபால்கனுக்கும் இதே வழக்கு உண்டு. 1980-ல் வந்த இரண்டாம் ஸ்டார் வார்ஸ் படத்துக்காக அதன் வெளிப்புறத்தை வேல்ஸ் நாட்டின் பெம்புரோக் டாக் என்ற ஊரில் முழு அளவில் கட்டினார்கள். இருந்தும் தனியே கட்டப்பட்ட உட்புற அரங்கின் அறைகளை அந்த வெளியுருவுக்குள் அப்படியே அடுக்க முடியவில்லை. பழைய நூல்கள் ஃபால்கனை 27 மீட்டருக்கும் குறைவாகக் காட்ட, பிந்தையவை 34 மீட்டரைத் தாண்டச் செய்திருப்பதற்கு இத்தகைய நெருக்கடியும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

இங்கே புதியவர்கள் செய்யும் ஒரு காரியம், எண்கள் மோதுவதைக் கண்டதும் நூலைக் குறை சொல்லி மூடிவிடுவது. அப்படிச் செய்யாமல், ஒரு தாளில் மூன்று பத்திகள் வரைந்து, வசனத்தில் வந்த அளவு, அரங்கிலும் மாதிரியிலும் தெரியும் அளவு, நூல் தரும் அளவு என்று எழுதிவையுங்கள். நூலாசிரியர் எந்தப் பத்தியைக் காப்பாற்ற எதை விட்டுக்கொடுத்தார் என்பது அப்போது தெரியும். நல்ல கையேடு விட்டுக்கொடுத்ததை மறைக்காது.

ஆற்றலைப் பின்தொடர்தல்

கலத்தின் ஆற்றல் எங்கே பிறக்கிறது, எந்த வழியாக எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பென்சிலால் படத்தின் மீதே, அல்லது மெல்லிய தாளை மேலே வைத்து, வரைந்துகொண்டு போங்கள். 1991 கையேட்டில் இந்தப் பாதை தெளிவாக இருக்கிறது. டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜனும், அதைத் தொட்டதும் இரண்டும் அழிந்து ஆற்றலாகிவிடும் அதன் எதிர்ப்பொருளும் மேலிருந்தும் கீழிருந்தும் வினைக்கலத்துக்கு வருகின்றன. டைலித்தியம் என்ற கற்பனைப் படிகம் அங்கே வினையை நெறிப்படுத்துகிறது. பிறக்கும் பிளாஸ்மா குழாய்களின் வழியே ஒளியை மிஞ்சிய வேகம் தரும் இரு பக்கத்து வார்ப் எஞ்சின்களின் சுருள்களுக்குச் செல்கிறது. எதிர்ப்பொருள் கலன்கள் கலத்தின் அடிப்பகுதியில் வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். ஆபத்து வந்தால் அவற்றை வெளியே தள்ளிவிட வேண்டும். ஆகவே அவற்றுக்கும் வெற்றுவெளிக்கும் இடையில் வேறு எந்த அறையும் இருக்கக் கூடாது. தட்டு வடிவ முன்பகுதி தனியே பிரியக்கூடியது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், குடியிருப்புகள் ஏன் பெரும்பாலும் அங்கே இருக்கின்றன என்பதற்கும் காரணம் கிடைக்கிறது. படத்தின் ஓர் இடம் இன்னோர் இடத்தை விளக்கும் இத்தகைய தருணங்களுக்காகவே இந்த நூல்களைப் படிக்கலாம்.

நிஜ இயற்பியலோடு உரசிப் பார்க்க இங்கே வாய்ப்பு அதிகம். ஒரு கிராம் பொருளும் ஒரு கிராம் எதிர்ப்பொருளும் முழுதாக அழிந்தால், ஐன்ஸ்டைனின் சமன்பாட்டின்படி கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 5 கோடி யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, நூல் எரிபொருளைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு வரியையும் எடைபோடலாம். சாதாரண வேகத்துக்கான எஞ்சின்களை ஒளியின் வேகத்தில் கால் பங்குக்கு மேல் வழக்கமாக ஓட்டுவதில்லை என்று கையேடு சொல்கிறது. அந்த வேகத்தில் கலத்தின் கடிகாரம் வெளியுலகின் ஒரு நாளில் சுமார் 46 நிமிடம் பின்தங்கும் என்று சார்பியல் கணக்கு காட்டுகிறது. தலைமையகத்தோடு நேரம் பொருந்தியிருக்க வேண்டிய கலத்துக்கு அது பெரிய தொல்லைதான். விதிக்குப் பின்னால் நியாயம் இருக்கிறது.

வார்ப் வேகத்துக்கும் கணக்கு உண்டு. முதல் தொடரில் வார்ப் எண்ணின் கனமே ஒளிவேகத்தின் மடங்கு: வார்ப் 6 என்றால் 216 மடங்கு. பிந்தைய தொடரில் 9 வரை, எண்ணின் கனத்தை அதன் கனமூலத்தால் பெருக்கினால் ஏறத்தாழ விடை வந்துவிடும். அதன்படி வார்ப் 6 என்பது 392 மடங்கு, வார்ப் 9 என்பது 1,516 மடங்கு. அதன் பிறகு வளைவு செங்குத்தாக ஏறி, 10 என்பது எட்ட முடியாத முடிவிலியாகிவிடுகிறது. இனி 4.24 ஒளியாண்டு தொலைவில் உள்ள பிராக்ஸிமா செண்டாரிக்குப் பயணம் போய்ப் பாருங்கள்: வார்ப் 6-ல் பழைய அளவையின்படி 7 நாள், புதிய அளவையின்படி 4 நாள். இன்னும் சுவையானது வாயேஜர் என்ற மற்றொரு ஸ்டார் ட்ரெக் தொடரின் கணக்கு. 70,000 ஒளியாண்டு கடக்க 75 ஆண்டு ஆகும் என்று அங்கே சொல்கிறார்கள். வகுத்தால் சராசரி 933 மடங்கு, அதாவது வார்ப் 7-க்கும் 8-க்கும் இடையில். ஆனால் அந்தக் கலம் வார்ப் 9.975-ஐ நெடுநேரம் தாங்கும் என்பதும் அதே தொடரின் வசனம். இடையில் நிறுத்தங்கள், பழுது, எரிபொருள் தேடல் எல்லாம் உண்டு என்று சமாதானம் சொல்லலாம். கதாசிரியர்கள் அட்டவணையைப் பார்க்கவில்லை என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவதில் நம்பிக்கை அதிகம்.

மௌனமான இடங்களைத் தேடுதல்

கையேடு எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதையும் ஒரு பட்டியலாக எழுதுங்கள். அணு அளவில் பொருளைப் பிரித்து அனுப்பும் கருவிக்குக் குவாண்டம் இயற்பியலின் நிச்சயமின்மை தடையாக நிற்கும் என்பதால், ‘ஹைசன்பெர்க் ஈடுசெய்கருவி’ என்ற உறுப்பைத் தொடரில் சேர்த்தார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று பத்திரிகையாளர் ஒருவர் கேட்டபோது ஒகுடா, ‘மிக நன்றாகவே வேலை செய்கிறது, நன்றி’ என்று பதில் சொன்னார். சில இடங்களில் பெயர் சூட்டுவதோடு நிறுத்திக்கொள்வதே இந்தக் கலையின் நாகரிகம். விளக்கப் புகுந்து அறிவியலைத் திரிக்கும் நூலைவிட, பெயரோடு நிறுத்தும் நூலை நான் மதிப்பேன்.

வெப்பம் மட்டும் அப்படி விட்டுவிடத்தக்கதன்று. வெற்றுவெளியில் காற்றில்லாததால் வெப்பத்தைக் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற்ற முடியும்; பன்னாட்டு விண்வெளி நிலையம் அம்மோனியா ஓடும் பெரிய வெண்பலகைகளை விரித்துவைத்திருப்பது அதற்காகத்தான். 27 பாகை செல்சியசில் உள்ள ஒரு சதுர மீட்டர் பரப்பு அதிகபட்சம் 460 வாட் அளவே வெளியேற்றும். ஒரு மெகாவாட் கழிவு வெப்பத்துக்கு 2,000 சதுர மீட்டருக்கு மேல் வேண்டும். புனைவுக் கலங்களில் பெரும்பாலானவற்றுக்கு அத்தகைய பலகைகள் இல்லை. உங்கள் கையேடு அதற்கு ஏதாவது காரணம் சொல்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

கழிப்பறைகளையும் தேடலாம்; வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. திரை காட்டாத அன்றாட வாழ்வை வரைபடக்காரர் எங்கே வைத்தார் என்பது அவருடைய அக்கறையைக் காட்டும். 1966-ல் ஒளிபரப்பான ஒரு ஸ்டார் ட்ரெக் அத்தியாயத்தில், நோயால் புத்தி தடுமாறிய கப்பல் பணியாளர் ஒருவர், பௌலிங் விளையாட்டுக் கூடத்தில் நடன விழா நடக்கும் என்று அறிவிப்பார். ஃபிரான்ஸ் ஜோசப் தம் வரைபடத் தாள்களில் உண்மையிலேயே ஒரு பௌலிங் கூடத்தை வரைந்துவிட்டார். மாறாக, ஒகுடாவின் குழு என்டர்பிரைஸின் பெரிய வெட்டுப்பட அரங்கப் பலகையில் ஒரு வாத்தையும் எலியையும் யாருக்கும் தெரியாமல் ஒளித்துவைத்தது. முன்னது கலத்தின் பகுதி. பின்னது கலைஞர்களின் குறும்பு. இரண்டையும் பிரித்தறிய, யார் பேசுகிறார்கள் என்ற பழைய கேள்வியே போதும்.

வாங்கும்போது

பழைய பிரதி வாங்குவதானால், மடிப்புத் தாள்களும் இணைப்புகளும் முழுமையாக இருக்கின்றனவா என்று விற்பவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். உறை மட்டும் மிஞ்சிய பிரதிகள் சந்தையில் உண்டு. கைப்பேசித் திரையில் மின்னூலாகப் படிப்பது இந்த வகைக்கு ஒத்துவராது. அளவெடுக்க வேண்டிய பக்கத்தை மட்டும் உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு நகலெடுத்து, அந்த நகலில் கோடு போடுங்கள். நகலில் அளவு சுருங்கியிருக்கலாம் என்பதால், விகிதத்தை நகலிலேயே மீண்டும் கணக்கிடுங்கள்.

சொந்தமாக ஒரு பக்கம் வரைதல்

இரண்டு நூல்களை இப்படிப் படித்து முடித்தவர், ஒரு பக்கமாவது சொந்தமாக வரைந்து பார்க்க வேண்டும். உறுப்புகளுக்குப் பெயர் வைப்பதிலிருந்து தொடங்காதீர்கள். எத்தனை பேர், எத்தனை நாள், என்ன வேலை என்ற மூன்றையும் முதலில் முடிவு செய்யுங்கள். ஏழு பேர் 300 நாள் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 0.84 கிலோ ஆக்சிஜன் தேவை என்பது நாசாவின் கணக்கு. மொத்தம் 1,764 கிலோ. திரவமாக வைத்தால் அது ஒன்றரைக் கன மீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொட்டிக்குள் அடங்கிவிடும். தண்ணீர் அப்படியன்று: குடிக்கவும் உணவுக்கும் ஆளுக்கு 3 லிட்டர் என்று குறைவாக வைத்தாலும் 6,300 லிட்டர் ஆகிறது. மறுசுழற்சிக் கருவிக்கு ஏன் ஒரு முழு அறை ஒதுக்க வேண்டும் என்பது இப்போது கேட்காமலே புரியும்.

பிறகு கட்டத் தாளில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற விகிதத்தில், 1.7 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு மனித உருவை முதலில் வரைந்து, அவரைச் சுற்றிக் கலத்தைக் கட்டுங்கள். தளத்துக்குத் தளம் 2.5 மீட்டராவது விடுங்கள். அதில் தரைக்கு அடியில் குழாயும் கம்பியும் செல்லும் இடமும் சேர வேண்டும். பழுதுபார்ப்பவர் தவழ்ந்து செல்லும் வழி ஒன்றும் வேண்டும். என்டர்பிரைஸில் அந்த வழிகளுக்கு, முதல் கலத்தை வடிவமைத்த மேட் ஜெஃப்ரீஸின் பெயரையே வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் விமானங்களில் பறந்த அவர், பழுதானதைக் கை நீட்டித் தொட முடியாத எந்திரம் எவ்வளவு ஆபத்தானது என்று அறிந்தவர். உங்கள் படத்தில் எல்லா எந்திரங்களுக்கும் அப்படிக் கை எட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, எட்டாதவற்றை இடம் மாற்றுங்கள். உறுப்புகளின் பெயர்களை எழுதுவது அதற்குப் பிறகுதான்.